பேய் வராத அத்தியாயம்

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியை இடி தாக்கிய பிறகுதான் நாங்கள் எல்லோரும் பேய்க்கதை கேட்க ஆரம்பித்தோம். மாமா அதைத் தன் லோரியில் ஏற்றி, கோல சிலாங்கூரில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். கடைக்காரர் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லியே பல வாரங்களை ஓட்டினார். சீரியல் பார்க்காமல் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த நேரத்தில் சித்தி ஒரு புத்தகத்தோடு வந்து சேர்ந்தாள். சித்தி என்றால் அம்மாவின் கடைசித் தங்கை. எங்களோடுதான் செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், இருந்தாள். டவுனில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. தினமும் காலையில் உதட்டுக்கு லேசாகச் சாயம் பூசிக்கொண்டு பஸ் ஏறுவாள். லயத்தில் கைப்பையோடு வேலைக்குப் போன ஒரே பெண் அவள்தான் என்பதால் எனக்கு அவளிடம் பெரிய மரியாதை. கிளினிக்கில் காத்திருந்த யாரோ மறந்து விட்டுப்போன புத்தகமாம். அட்டை கிழிந்திருந்தது. வெள்ளைக்கார நாட்டுப் பழைய நாவலின் தமிழாக்கம். உலகத்தையே நடுங்க வைத்த கதை என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. எங்கள் லயத்தையும் நடுங்க வைக்கிறதா பார்க்கலாம் என்று சித்தி தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, தேத்தண்ணீர் வேளையில், உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

கதை இதுதான். கல்யாணமான புதுப்பெண் ஒருத்தி குளிர்நாட்டில் ஒரு பெரிய மாளிகைக்கு வருகிறாள். அந்த மாளிகையின் குளத்தில் முன்பு ஒருவன் மூழ்கிச் செத்திருக்கிறான். பொழுது சாய்ந்தால் மாடிப்படியில் ஈரக் காலடிகள் தெரியும். ஒவ்வொரு நாளும் ஒரு படி மேலே ஏறி அவள் அறையை நோக்கி வரும்.

வெளிச்சம் இன்னும் குறையாத நேரத்தில், பக்கத்து வீட்டுக் கோழிகள் காலடியில் மேய்ந்துகொண்டிருக்கும்போது கேட்டும் எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் பயந்த இடம் வேறு. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பேய் ஒரு பொருட்டே இல்லை. செத்தவனுக்குக் கருமாதி செய்யாமல் விட்டுவிட்டார்களே என்றுதான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அம்மா, கதையில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இடத்தில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மாமா, இதெல்லாம் ஒரு கதையா என்று சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து குளிக்கப் போனால் குளியலறைக் கதவைத் திறந்தே வைத்து, உள்ளிருந்து உரக்கப் பாடினார். அப்பா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"இம்மாம் பெரிய வீட்ட யாரு கூட்டித் துடைக்கிறது?"

எனக்கு அப்போது பத்து வயது. காலடி வந்தால் கதை, வராவிட்டால் வெறும் பேச்சு என்பது என் கணக்கு. அதனால்தான் சித்தி எந்த இடத்தில் நின்றாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது பேயே வராத அத்தியாயம். கணவன் அந்தப் பெண்ணைத் தோட்டத்தில் உலாவ அழைத்துப் போகிறான். பெரிய இரும்புக் கதவைக் காவல்காரன் சாத்துகிறான். கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகத்தான் சொல்கிறான்: இனி நீ எங்கும் போக வேண்டியதில்லை, உனக்கு வேண்டியதெல்லாம் இங்கேயே வரும்.

பக்கத்து வீட்டு அக்கா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரத்துல ஏறித்தானே ஆவணும்!"

எல்லோரும் சிரித்தோம். சித்தி அடுத்த வரியைப் படிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. தலை வலிக்குது என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போனாள். நல்ல நேரம் பார்த்துக் கதையை நிறுத்திவிட்டாளே என்று எனக்கு எரிச்சல்.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சுங்கை பெசாரிலிருந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தத்தில் மளிகைக்கடை, கடைக்கு மேலேயே வீடு. நல்ல சனங்கள். சித்தி தட்டை நீட்டியபடி, கல்யாணத்துக்குப் பிறகும் தான் வேலைக்குப் போகலாமா என்று மெதுவாகக் கேட்டாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் கன்னத்தைத் தடவி, "இனிமே எதுக்கும்மா பஸ்ஸுக்கு அல்லாடணும்? எல்லாம் வீடு தேடி வரும்லா" என்றார். அம்மாவுக்கு அன்று சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பதினான்கு வயதிலிருந்து வெயிலிலும் மழையிலும் தோட்டத்தில் மருந்து அடித்தவள் அவள். ஒரு பெண் வேலைக்குப் போகாமல் இருக்கலாம் என்பதை விடப் பெரிய பாக்கியம் அவளுக்குத் தெரியாது. அவளை இன்றுவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

சித்திக்குக் காய்ச்சல் கண்டது. சாப்பாடு இறங்கவில்லை. தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். டவுன் டாக்டர் கொடுத்த மருந்து கேட்கவில்லை. இது மருந்துக்குக் கட்டுப்படுகிற காய்ச்சல் இல்லை, புத்தகத்தில் இருந்தது அவளைப் பிடித்துக்கொண்டது என்று லயமே முடிவு செய்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அப்பா சொல்லிப் பார்த்தார், யாரும் காதில் வாங்கவில்லை.

தோட்டத்து எல்லையில், மரத்தடியில் முனீஸ்வரர் இருக்கிறார். அவருக்குப் பூசாரி, வாரநாட்களில் எங்கள் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். சித்தியை அங்கே கூட்டிக்கொண்டு போனோம். எலுமிச்சம்பழம் சுற்றி அறுத்தார், கையில் கறுப்புக் கயிறு கட்டினார். புத்தகத்தைச் சாமி காலடியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

"வெள்ளக்காரப் பேயி, நம்ம பாஷை தெரியாது, போகச் சொன்னா போகாது. கழுத்துல தாலி ஏறட்டும், தானா தெளிஞ்சிரும்."

சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "பயப்படாதடி, சீக்கிரமே முடிச்சிரலாம்" என்றாள். தைப்பூசம் கழித்து என்றிருந்த கல்யாணம் ஆவணிக்கே வந்துவிட்டது. அவளுக்கு எது பயமோ அதையே மருந்தாக அரைத்துக் கொடுத்தோம். எல்லோரும் பாசத்தோடுதான் கொடுத்தோம்.

எனக்கோ கதையின் முடிவு தெரியாமல் மண்டை காய்ந்தது. வெள்ளிக்கிழமை அப்பா கோயிலைக் கூட்டப் போனபோது கூடவே போய், மழையில் ஊறியிருந்த அந்தப் புத்தகத்தை எடுத்து, காலடி வருகிற பக்கங்களாகப் பார்த்துப் பார்த்துக் கடைசி வரை படித்து முடித்தேன்.

சித்தப்பா நல்ல மனிதர். அதைச் சொல்லாவிட்டால் பாவம். சித்தியை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை, கடையில் புது பிஸ்கட் எது வந்தாலும் முதல் பாக்கெட் மாடிக்குத்தான் போகும். நாங்கள் போகும்போதெல்லாம் சித்தி மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருப்பாள். பிள்ளைகள் பெரிதான பிறகு கடையில் கல்லாவுக்கு உட்கார ஆரம்பித்தாள். போன வருடம்தான் முதன்முதலாக என்னோடு தனியாக பஸ் ஏறி உலு யாமுக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தாள். வழி முழுக்க ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. இடையில் ஒரு தடவை மட்டும், தன் கல்யாண மண்டபத்தில் நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தாள்.

இருக்கிறது. கல்யாணத்தன்று மணமகள் அறையில் பூ வைத்துவிடுகிறவர்கள் வெளியே போன நேரம், சித்தி என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"அந்தக் கதைய முடிச்சிட்டியாமே?"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. குளத்து நீரை இறைத்ததையும், எலும்பை எடுத்து முறைப்படி புதைத்ததையும், காலடி நின்றுபோனதையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அத விடு. அந்தப் பொண்ணு என்னா ஆனா? வெளிய போனாளா?"

இது என்ன கேள்வி என்றிருந்தது எனக்கு. "அவ எதுக்கு சித்தி போகணும்? பேய்தான் இல்லயே. அங்கயேதான் இருந்தா, கடைசி வரைக்கும்."

சித்தி தலையாட்டினாள். வெளியே நாதஸ்வரம் வேகம் பிடித்தது, பெண்ணை அழைத்து வரச் சொன்னார்கள். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. இன்னும் பேய்க்குத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்து, பெரிய மனுஷி மாதிரி அவள் காதில் சொன்னேன்:

"பயப்படாதீங்க சித்தி. அந்த வீட்டுல இனிமே ஒண்ணுமே நடக்காது."