ரேகையைத் தின்ற அன்னாசி

சிங்கப்பூர் வந்த புதிதில் அன்னாசித் தொழிற்சாலையில் தோல் சீவினேன். கையுறை போட்டால் வேகம் குறையும் என்று வெறுங்கையாலேயே சீவுவேன்.

அடையாள அட்டை அலுவலகத்தில் விரலை மையில் ஒற்றி அழுத்தினால், தாளில் வெறும் கறுப்புத் திட்டு. மூன்று முறை அழுத்தியும் ஒரு கோடுகூட விழவில்லை. அட்டை இல்லையென்று ஊருக்கே கப்பலேற்றிவிடுவார்களோ?

தமிழ்க் குமாஸ்தா என் விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"அன்னாசி வேலையாம்மா? இறைச்சியைச் செரிக்க நம்ம வயித்துல என்சைம் இருக்குல்ல, அந்தச் சாறுலயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்கு. உங்க விரல் தோலைச் செரிச்சு ரேகையை அழிச்சிருச்சு. கிளவுஸ் போட்டுக்கிட்டு, அடுத்த மாசம் வாங்க."

அடுத்த மாதம் ரேகை விழுந்தது, அட்டையும் கிடைத்தது. ஆனால் இன்றும் பசியில் வயிறு எரிந்தால் பயம் வருகிறது. தின்ன எதுவும் இல்லாதபோது, உள்ளே அந்த என்சைம் யாரைத் தின்கிறது?