மேசைமேல் இருந்த துண்டு

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு என் நாட்குறிப்பில் ஆறு வரிகள் இருக்கின்றன. மாலை ஐந்தே காலுக்குப் போலீஸ்காரர் ஒருவர் குவார்ட்டர்ஸுக்கு வந்து கூப்பிட்டார். ஐந்தே முக்காலுக்குக் காவல் நிலையம் போனேன். மேசைமேல் செய்தித்தாள் விரித்து, அதில் பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு ஒன்றை வைத்திருந்தார்கள். ஒரு மூலையில் பழுப்புக் கறை. முன்பே எழுதி வைத்திருந்த மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். ஆறு பத்துக்கு வீடு திரும்பினேன்.

ஒரு பொருளை எங்கே, எப்படிக் கைப்பற்றினார்கள் என்று எழுதி, அதை நேரில் பார்த்தவர்கள் கையெழுத்திடும் தாள்தான் மகஜர். எங்கள் தெருமுனையில் துணி தேய்ப்பவரின் தள்ளுவண்டியில், கரி மூட்டைக்கு அடியிலிருந்து, என் கண்ணெதிரே அந்தத் துண்டை எடுத்ததாக அதில் எழுதியிருந்தது. நான் படித்துப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். உதிரிபாகத்தை அளக்காமல் சீட்டு எழுதியதில்லை. ஆனால் எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மேலே இன்னொரு அரசு ஊழியர் கையெழுத்து இருந்துவிட்டால் கீழே இருப்பவர் படிப்பதில்லை. அவர் பார்த்திருப்பார் என்று நம்பிக்கை. காவல் நிலைய இன்ஸ்பெக்டருக்கு அது தெரிந்திருந்தது.

“வி.ஏ.ஓ. ஆபீஸ்காரர் போட்டுட்டாரு சார். கீழ நீங்க ஒண்ணு போட்டுடுங்க. கவர்மென்ட் ஆளு கையெழுத்துன்னா கோர்ட்ல தனி மரியாதை” என்றார். போட்டேன். மேலே போட்டவரும் இதே நம்பிக்கையில்தான் போட்டிருப்பார்.

துணி தேய்ப்பவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ஞாயிறுதோறும் நான் துணியை எண்ணிக் கொடுத்து, சட்டை ஐந்து, பேன்ட் நான்கு என்று அவர் முன்பாகவே குறித்துக்கொள்வேன். அது அவருக்குப் பெரிய வேடிக்கை. “சார் நோட்ல ஒம்போதுன்னு எய்திட்டாருன்னா மேட்டர் ஓவர். பத்தாவதா ஒண்ணு இருந்தா நானே கொளுத்திடுவேன், நோட்டு தப்பாவக் கூடாதுல்ல?” என்று பக்கத்து டீக்கடைக்கும் கேட்கும்படி சொல்வார்.

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் தனியாக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை யாரோ கொன்றுவிட்டு நகையை எடுத்துப் போனார்கள். அந்த வீட்டுக்கும் அவர்தான் துணி கொண்டுபோவார். மூன்றாம் நாள் அவரைப் பிடித்தார்கள். துண்டில் இருந்தது ஆசிரியையின் ரத்தம். துண்டு வண்டியில் கிடைத்ததற்குச் சாட்சி நாங்கள் இருவர்.

விசாரணைக்கு முதல் நாள் அரசு வக்கீல் தன் அறைக்கு என்னை அழைத்தார். ஸ்டேஷனில் வைத்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள் என்று அவரிடம் சொன்னேன். சொன்னேன் என்பதும் அன்றைய பக்கத்தில் இருக்கிறது.

அவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “அப்படிச் சொன்னா நீங்க பொய்க் கையெழுத்துப் போட்டவர் ஆயிடுவீங்க. வேலை என்ன ஆகும்னு நான் சொல்லணுமா? வண்டியில எடுத்தாங்க, பார்த்தேன். ரெண்டு வார்த்தை. ஆளு அவன்தான் சார், அதுல டவுட்டே வேணாம்.”

மறுநாள் கூண்டில் ஏறி அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். துணி தேய்ப்பவர் என்னைப் பார்த்தபடியே நின்றார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் திருத்திச் சொல்வேன் என்று காத்திருப்பவர் போல நின்றார். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

வண்டியை அவர் மனைவி தள்ள ஆரம்பித்தார். நான் வீட்டிலேயே தேய்க்க ஓர் இஸ்திரிப் பெட்டி வாங்கிக்கொண்டேன். மூன்றாம் வருடம் ஒருநாள் காலை அந்தப் பெண் என் வாசலுக்கு வந்தார்.

“சார், நீங்க டெய்லி நோட்ல எய்துவீங்கன்னு அவரு சொல்லுவாரு. அன்னிக்கி இன்னா எய்தினீங்க? துண்ட வண்டிலேர்ந்து எடுத்தத நீங்க பாத்தீங்களா, அத்த மட்டும் பாத்து சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வாணாம்.”

“அதெல்லாம் நான் எழுதறதில்லம்மா.”

அந்த நோட்டு எனக்குப் பின்னால் அலமாரியில், வருட வரிசையில், முதுகில் சீட்டு ஒட்டி நின்றுகொண்டிருந்தது. அவர் என் தோளுக்கு மேலாக ஒருமுறை பார்த்தார். “சரி சார்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

துணி தேய்ப்பவரை விடுவித்தது என் நோட்டு அல்ல. இலவச சட்ட உதவியில் வந்த இளம் பெண் வக்கீல் ஒருவர், ஆசிரியையின் நகக்கண்ணில் இருந்து எடுத்த தோல் துணுக்குகள் என்ன ஆயின என்று கேட்டுக் கேட்டு ஆய்வகத்துக்கு அலைந்தார். அவற்றை டி.என்.ஏ. பரிசோதனை செய்து அறிக்கையும் அனுப்பியிருந்தார்கள். அது வேறொரு ஆணுடையது. அறிக்கை பெற்றுக்கொண்டதற்கு அரசு வக்கீலின் கையெழுத்து ஆய்வகத்தின் அனுப்புப் பதிவேட்டில் இருந்தது. நான் சாட்சி சொன்னதற்கு மூன்று வாரம் முன்பே. ரத்தத்தைப் பற்றிய முதல் அறிக்கையை நீதிமன்றத்தில் கொடுத்தவர் இதைக் கொடுக்கவில்லை. ‘டவுட்டே வேணாம்’ என்று அவர் சொன்னபோது அது அவர் கோப்பிலேயே இருந்திருக்க வேண்டும். உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தபோது எட்டு வருடம் போயிருந்தது. அரசு வக்கீல் பணி உயர்வு பெற்று ஓய்வும் பெற்றுவிட்டார். அந்தத் தோல் யாருடையது என்று இன்றுவரை யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

வெளியே வந்த மூன்றாவது ஞாயிறு அவர் வண்டியருகே நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் நோட்டுடன் போனேன்.

“வாங்க சார். இன்னும் எய்திகினு கீறீங்களா?”

“உங்க வீட்டம்மாகிட்ட பொய் சொன்னேன். எழுதியிருக்கேன்” என்றேன்.

“எனுக்குத் தெரியும். அதுக்கும் தெரியும். படிங்க.”

நின்றபடியே ஆறு வரிகளையும் படித்தேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

“அவ்ளோதானா? இத்த படிக்க அர நிமிசங்கூட ஆவல சார்.”

அவருடைய மனைவி சட்டை மடித்துக்கொண்டிருந்தார். நோட்டைத் துணி தேய்ப்பவரிடமே கொடுத்தேன். அரசு வக்கீலிடம் நான் சொன்ன நாளின் பக்கமும் அதில் இருந்ததால், அவர் மேல் புகார் கொடுக்க அது உதவும் என்று அந்த இளம் வக்கீல் சொன்னார். கூடவே என் வாக்குமூலமும் வேண்டும், கூண்டில் பொய் சொன்னேன் என்று அதில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும், அதற்கு என்மேல் வழக்கும் வரலாம் என்றார். நான்கு பக்க வாக்குமூலம். இரண்டு முறை படித்து, ஓரிடத்தில் நேரத்தைத் திருத்தி, கையெழுத்துப் போட்டேன். புகார் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அரசு வக்கீல் காலையில் நடைப்பயிற்சி போகிறார் என்று கேள்விப்படுகிறேன்.

கையெழுத்துப் போட்ட மறுநாள், என்ன தைரியத்திலோ, ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். அவர் பையைத் தொடவில்லை.

“வாணாம் சார். நீங்க ஊட்லயே தேச்சிக்கங்க.”

பையைத் திருப்பிக் கொண்டுவந்தேன். சட்டை மூன்று, பேன்ட் இரண்டு.