இலவச பஸ்ஸில் கேட்ட குரல்

கிள்ளானில் வெள்ளம் வடிந்த வாரத்தில் நடந்தது இது. தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல நான் விரதத்தில் இருந்தேன். சவரம் கிடையாது, ராத்திரி ஒரு வேளை சைவச் சாப்பாடு, அவ்வளவுதான். எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு. சாப்பாட்டைக் குறைத்தவன், மாத்திரையை மட்டும் டாக்டர் சொன்ன கணக்கிலேயே விடாமல் போட்டுக்கொண்டிருந்தேன். அது ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

எனக்கு வீடு சுங்கை வேயில். வேலை பிரிக்பீல்ட்ஸில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். தங்கை குடும்பம் இருப்பது கிள்ளானில் தாழ்வான ஓர் இடத்தில். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறி இறங்கியிருந்தது. அன்று லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போய், மதியம் தாண்டும்வரை சேறு அள்ளினேன். சோபா, மெத்தை, அரிசி மூட்டை எல்லாம் வாசலில் குவிந்து நாறிக்கொண்டிருந்தன. என் சட்டையும் பாழாகிவிட்டதால் தங்கை கணவரின் கிழிந்த டீ சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டேன். ஒரு கால் செருப்பு சேற்றோடு போய்விட்டது. அதற்கு ஈடாக வாசலில் கிடந்த வேறொரு செருப்பைப் போட்டுக்கொண்டேன். தங்கையின் வாஷிங் மெஷின் மூழ்கிப்போயிருந்தது. அதனால் பிள்ளைகளின் பள்ளி உடுப்புகளைத் துவைத்துத் தருகிறேன் என்று ஒரு பெரிய கறுப்புக் குப்பைப் பையில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"பக்கத்து வீட்டுல சமைச்சிருக்காங்க, கொஞ்சமாச்சும் சாப்பிட்டுட்டு போங்கண்ணே" என்றாள் தங்கை.

"ராத்திரிதான் லா. நீ பிள்ளைங்கள பாரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கைப்பேசியில் பேட்டரி செத்திருந்தது. ரயில் நிலையம்வரை போகும் இலவச பஸ் அந்தப் பக்கம் வரும். அதில் ஏறினேன். மணி நாலு இருக்கலாம், ஆனால் வானம் கறுத்து ஊரே இருட்டிக் கிடந்தது. ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது.

பஸ்ஸில் பாதி இடம் காலியாக இருந்தது. கடைசி வரிசையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ் அம்மா, மூன்று நான்கு பிளாஸ்டிக் பைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே படுத்து, வெளியே எழுந்து வாழ்கிறவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் நடுவில் ஜன்னலோரமாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த அந்த நொடி அவர் நிமிர்ந்தார். அதன்பிறகு என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பெண் எழுந்து முன்னால் போய் நின்றாள். பிறகு எனக்கு முன்னால் இருந்தவர் எழுந்தார். அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர்கள் என்னைச் சுற்றிக் காலியாக இருந்த இடங்களைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், நின்றுகொண்டே வந்தார்கள். என்னை வீடில்லாதவன் என்று நினைத்துவிட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதலில் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

அந்த நிறுத்தத்தில் குடையோடு ஏறியவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர். அன்று அவர் போட்டிருந்த கண்ணாடிகூட என் கையால் பொருத்திக் கொடுத்ததுதான். அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் பார்வை என் மேல் பட்டது. பட்டு, நான் அங்கே இல்லாத மாதிரி அப்படியே கடந்து பின்னால் போனது. பிறகு பக்கத்தில் நின்றவரிடம் கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

"ஃப்ரீன்னு போட்டுட்டா இப்படித்தான் லா, பாஸ். ஏர்கோன் இருக்கு, மழை இல்ல, படுத்துக்கிட்டே ஊர சுத்தலாம். வேலைக்குப் போறவனுக்கு உட்கார இடம் இல்ல."

"அண்ணே, நான்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வந்தது அந்தச் சொற்கள் இல்லை. ஏதோ ஒரு சத்தம். நனைந்த துணியைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம்.

மறுபடி முயன்றேன். நாக்கு என்னுடையதாக இல்லை. உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்துக்கொண்டிருந்தது. மடியில் இருந்த கைகள் யாரோ ஆட்டுவது போல நடுங்கின. மழைச் சத்தம் தூரமாகப் போய்விட்டது. ஜன்னல் கண்ணாடியில் தாடியும் சேறுமாக ஒரு முகம் தெரிந்தது. 'யார் இவன், இவ்வளவு பக்கத்தில் வந்து எட்டிப் பார்க்கிறான்' என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அது என் முகம் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"குடிச்சிருக்கான்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்கு இரக்கமாக இருந்தது. யாரோ பாவம் குடித்திருக்கிறான்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"தூங்காத."

எனக்குள்ளேயே கேட்கிறது என்றுதான் முதலில் எண்ணினேன். மெல்லிய குரல். கோபமும் இல்லை, பாசமும் இல்லை. சீராக, மூச்சு விடுவது போல, திரும்பத் திரும்ப அதே சொல். "தூங்காத. தூங்காத. தூங்காத." ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் பக்கத்தில் வந்தது. என் கண்கள் மூடிக்கொண்டே வந்தன. கண்ணை மூடினால் போதும், அந்த நடுக்கமும் குளிரும் போய்விடும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. மறுபடி கண்ணைத் திறந்தபோது அந்த அம்மாவின் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர் கண்கள் என்னைப் பார்க்கவில்லை, என் இடத்தில் உட்கார்ந்திருந்த வேறு யாரையோ பார்ப்பது போலிருந்தது.

அடுத்து நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. அவர் எல்லாரையும் பார்த்துக் கையை நீட்டினார். "மானிஸ்... ஆயர் மானிஸ்..." என்று மலாயில் கேட்டார். இனிப்புத் தண்ணீர் கேட்கிறார். நின்றிருந்தவர்கள் இன்னும் ஓரடி பின்வாங்கினார்கள். கல்லூரி மாணவி மாதிரி ஒரு மலாய்ப் பெண் கையில் சிராப் தண்ணீர்ப் பொட்டலம் வைத்திருந்தாள். பிளாஸ்டிக்கில் ஊற்றி, ஸ்ட்ரா போட்டு, ஓரத்தில் கட்டிக் கொடுப்பார்களே, அது. அந்த அம்மா இரண்டு எட்டில் போய் அதைப் பிடுங்கினார். அந்தப் பெண் அலறினாள். அம்மா திரும்பி வந்து என் தாடையைப் பிடித்து, ஸ்ட்ராவை வாயில் திணித்து, பொட்டலத்தை அழுத்தினார். வாயெல்லாம் ரோஜா வாசனை. பாதி வெளியே வழிந்து சட்டையெல்லாம் சிவப்பானது.

"முழுங்கு. தூங்காத. முழுங்கு."

நான் முழுங்கினேன்.

பஸ் ஒரு நிறுத்தத்தில் ஓரமாக நின்றது. டிரைவர் எழுந்து வந்தார். "துருன்! துருன்!" என்று இறங்கச் சொல்லிக் கத்தினார். அம்மா நகரவில்லை. பொட்டலம் காலியாகும்வரை என் தாடையை விடவில்லை. காலியானதும் தானாகவே எழுந்து மழையில் இறங்கினார். கதவு மூடியது. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தூக்க முடியவில்லை. தண்ணீருக்கு அடியில் கிடந்து, மேலே நடப்பதைப் பார்ப்பது போலிருந்தது.

மழையில் சாலை அடைத்துக்கொண்டு பஸ் ஊர்ந்தது. மெல்ல மெல்ல கை எனக்குச் சொந்தமானது. பிறகு கால். ஜன்னலில் இருந்தவன் நான்தான் என்று தெரிந்தது. அந்த வாடிக்கையாளர் டிரைவரைக் கூப்பிட்டு, "இவனையும் அடுத்த ஸ்டாப்புல இறக்கிவிடுங்க" என்று மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றேன். இந்த முறை சொல் சொல்லாகவே வந்தது. "கண்ணாடிக்கடை. பிரிக்பீல்ட்ஸ்."

அவர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியதை என்னால் மறக்க முடியாது.

"ஐயோ! நீங்களா தம்பி? என்ன கோலம் இது? முன்னாடியே சொல்லக் கூடாதா?"

ஒரு நிமிடத்தில் பஸ்ஸே மாறிவிட்டது. ஒருவர் தண்ணீர் போத்தலைத் திறந்து நீட்டினார். ஒருவர் மிட்டாய் கொடுத்தார். காலியாகக் கிடந்த பக்கத்து இருக்கையில் அந்த வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அதே சேறு, அதே நாற்றம், அதே டீ சட்டை. நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அந்த மலாய்ப் பெண் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

கடைசி வரிசையில் அந்த அம்மாவின் பைகள் அப்படியே இருந்தன.

அடுத்த நிறுத்தத்தில் என் மூட்டையோடு அவற்றையும் அள்ளிக்கொண்டு இறங்கினேன். "இருங்க தம்பி, கிராப் டாக்சி போட்டு அனுப்பி விடறேன்" என்று வாடிக்கையாளர் கூப்பிட்டார். கேட்காமல் வந்த வழியே நடந்தேன். கால் இன்னும் தள்ளாடியது. எதிரே வந்தவர்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

அந்த அம்மா தான் இறங்கிய நிறுத்தத்தின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். புடவை நனைந்து ஒட்டிக்கிடந்தது. நான் வருவேன் என்று தெரிந்தவர் போல ஆச்சரியமே படவில்லை. பைகளை வாங்கி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"தூங்கலையே?"

"இல்லம்மா. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க வீட்டுக்காரருக்கும் இனிப்பு நீர்தான். அப்பவே எங்களுக்கு வீடு இல்ல. இந்த பஸ்ஸுலதான் பகல்ல உட்கார்ந்திருப்போம். ஒரு நா இதே மாதிரி வேர்த்து ஊத்துச்சு. வாய் குழறுச்சு. தண்ணி போட்டிருக்கான்னு எல்லாரும் எந்திரிச்சு போயிட்டாங்க. எனக்கும் ஒண்ணும் தெரியல. கொஞ்சம் கண்ண மூடி தூங்குங்க, கடைசி ஸ்டாப் வந்தா எழுப்புறேன்னு நான்தான் சொன்னேன்."

மடியில் இருந்த பையின் முடிச்சை இறுக்கினார்.

"எழுப்புனேன் தம்பி."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ வந்து உட்கார்ந்த பாரு, அவரு உட்கார்ந்திருந்த அதே ஜன்னலோரம்தான்" என்றார். "வேற எத்தனையோ இடம் இருந்துச்சு. நேரா வந்து அங்க உட்கார்ந்த."

எங்கள் வீட்டுக்கு வாருங்கள், உலர்ந்த துணியாவது மாற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் தலையாட்டி மறுத்தார். அடுத்த பஸ் வந்தது. டிரைவர் வேறு ஆள். பைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி, நேராகக் கடைசி வரிசைக்குப் போனார். ஜன்னலோரத்தில் தலை சாய்த்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே அவர் போனதை வெளியிலிருந்து பார்த்தேன்.

தைப்பூசம் முடிந்து, முடியிறக்கி, சாப்பிடாமல் மாத்திரை போட்டுச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிக்கொண்டதற்கு டாக்டரிடம் நன்றாகத் திட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேடிப் போனேன். சலவைச் சட்டை, மொட்டைத் தலை, கையில் சாப்பாட்டுப் பொட்டலம். இரண்டு பஸ் விட்டு மூன்றாவதில் அவர் இருந்தார். அதே கடைசி வரிசை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் பைகளை மடிக்கு இழுத்துக்கொண்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார்.

"அம்மா, என்னைத் தெரியுதா? அன்னைக்கு மழையில, அந்த சிராப் தண்ணி..."

முடிப்பதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நான் ஒண்ணும் எடுக்கல சார். இப்ப இறங்கிடுறேன் சார்."

மணியை அழுத்திவிட்டார். நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், என்னைத் தொடாமல் ஒதுங்கி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். சேறும் தாடியுமாக இருந்தபோது என் பக்கத்தில் வந்தவர், நல்ல சட்டை போட்டவனைக் கண்டு பயந்து ஓடினார். பின்னாலேயே இறங்கி ஓட எனக்குத் துணிவில்லை. அது அவரை இன்னும் விரட்டுவதாகிவிடும் என்று தோன்றியது. பிறகு பலமுறை போனேன். அவரைக் காணவில்லை.

இப்போதும் பஸ்ஸிலோ ரயிலிலோ யாராவது கண்மூடிச் சாய்ந்திருந்தால், அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், தோளைத் தொட்டு "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன், சிலர் திட்டுகிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள், ஆனால் அவர்கள் கண்ணைத் திறக்கும்வரை உள்ள அந்தச் சில நொடிகளில், அந்த அம்மா தினமும் சுமந்து திரிந்த பயம் எவ்வளவு பெரியது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகப் புரிகிறது.