நர்ஸம்மா வாங்கிய பிள்ளை

உறையூரில் எங்கள் தெருவுக்கு நர்ஸம்மா செவ்வாய்க்கிழமைகளில் வருவார். முனிசிபாலிட்டி தாய்சேய் நல விடுதியிலிருந்து கறுப்புக் குடையும் தோல்பையுமாக நடந்தே வருவார். குழந்தையை எடை போட்டால் கண் பட்டுவிடும் என்று பயந்து, அவர் தலை தெரிந்ததும் கதவைச் சாத்திக்கொள்ளும் வீடுகள் உண்டு. சாத்திய கதவை அவர் தட்டமாட்டார். அதே வாசலில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக்காரியிடம் சத்தமாகப் பேசுவார். தண்ணீரைக் கொதிக்க வைப்பது, வயிற்றுப்போக்குக்கு என்ன கொடுப்பது எல்லாம் அந்தப் பேச்சில் வந்துவிடும். கதவுக்குப் பின்னால் நிற்பவளுக்காகத்தான் அது என்று தெருவுக்கே தெரியும். அவளுக்கும் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திருவெள்ளறைப் பக்கத்தில் அப்பாவும் சித்தப்பாவும் வயல் வேலை பார்க்க, நான் மட்டும் காலேஜில் சேர்ந்து அக்கா வீட்டில் தங்கிப் படித்தேன். அத்தான் சுருட்டு சுற்றுகிறவர். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் புகையிலை வாசமும் கூடவே நுழையும். அவருடைய அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். வீட்டில் எது நடப்பதென்றாலும் அத்தை சொல்லித்தான் நடக்கும்.

அக்காவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தவழும் முன்பே போய்விட்டன. மூன்றாவதாகப் பெண் பிறந்தது. பிறக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஒருமுறை வயிற்றுப்போக்கு வந்து போனதும், பெற்றவள் பால்தான் இதற்கும் ஆகவில்லை என்று அத்தை முடிவு கட்டி, தாய்ப்பாலை நிறுத்திவிட்டார். கஞ்சித் தெளிவும் சர்க்கரைத் தண்ணீரும்தான் ஆகாரம். குழந்தையின் தொடையில் தோல் சுருங்கித் தொங்கியது. அழுகைகூட பூனைக்குட்டி முனகுவது போலத்தான் கேட்கும். அக்கா அதைத் தூக்குவதற்கே பயந்தாள். தன் ராசி ஒட்டிவிடும் என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். "என் பிள்ளை" என்று அவள் வாயிலிருந்து ஒரு நாளும் வந்து நான் கேட்டதில்லை. "அது" என்பாள், "பாப்பா" என்பாள்.

அத்தையைக் கொடுமைக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. போன இரண்டையும் கடைசிவரை மடியில் வைத்திருந்தது அவர்தான். இதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் குழந்தையை விற்றுவிடத் தீர்மானித்தார். பிள்ளை தங்காத வீடுகளில் அது வழக்கம். குழந்தையை முறத்தில் கிடத்தி, பிள்ளைகுட்டிகளோடு நன்றாக வாழ்கிற ஒருத்திக்குக் கொடுப்பார்கள். அவள் எடுத்துக்கொண்டு நாலடி நடந்துவிட்டு வந்தால், தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதன்பின் அது பெற்றவள் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. பெற்றவளின் தோஷம் அதை அண்டாது.

எதிர்வீட்டு அம்மாளுக்கு வீடு நிறையப் பிள்ளைகள். அத்தை முதலில் அவரைத்தான் கேட்டார். அவர் வந்து குழந்தையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. வேறு யாரையாவது பாருங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். தன் கையில் இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். கேட்ட வீடுகளிலெல்லாம் இதே பதில். வாங்க ஆளில்லாத பிள்ளையைப் பார்த்து அக்கா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

நான் நேரே விடுதிக்கு ஓடினேன். நர்ஸம்மா வந்து இந்த மூடத்தனத்தையெல்லாம் திட்டி நிறுத்த வேண்டும் என்பது என் எண்ணம். அவர் பால் பவுடர் கரைத்த அண்டாவின் பக்கத்தில் நின்று வரிசையில் வந்த பிள்ளைகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பெரியவர்கள் டீ போட்டுவிடுவார்கள் என்று தன் கண் முன்னாலேயே குடிக்க வைப்பார். நான் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு, பிள்ளை என்ன குடிக்கிறது என்று கேட்டார். யார் யார் வாங்க மறுத்தார்கள் என்று கேட்டார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமைகூட இல்லை.

வாசலில் தெருப் பெண்கள் நின்றிருந்தார்கள். நர்ஸம்மா அத்தையிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"பிள்ளையை வாங்கிக்க ஆள் தேடுறீங்களாமே பெரியம்மா. நான் வாங்கிக்கறேன்."

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். பாலக்கரையில் மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் வீடு. கழுத்தில் சின்னச் சிலுவை. கல்யாணம் ஆகாதவர்.

"நீங்க பிள்ளை பெத்தவங்க இல்லையேம்மா."

"பெக்கலைங்க. ஆனா இந்தத் தெருவுல பாதி என் கையிலதான் விழுந்துச்சு. கேட்டுப் பாருங்க."

மறுத்துவிட்டுப் போன எதிர்வீட்டு அம்மாளே முன்னால் வந்து, தன் வீட்டுப் பிள்ளைகள் அத்தனையும் அவர் எடுத்தவைதான் என்றும், ராசியான கை என்றும் சொன்னார். அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது. முறம் வாசலுக்கு வந்தது. நர்ஸம்மா முந்தானையை விரித்துக் குழந்தையை வாங்கினார். தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பினார். அத்தை தயாராகத் தவிட்டை நீட்டினார். நர்ஸம்மா கை நீட்டவில்லை.

"தவிடு இப்ப வேண்டாம். பிள்ளை தேறட்டும், அப்பக் குடுக்கறேன்."

"அதெப்படிங்க? உடனே குடுக்கறதுதானே வழக்கம்?"

"குடுக்கற வரைக்கும் யாரு பிள்ளைங்க இது?"

அத்தை தயங்கினார். "உங்க பிள்ளைதான்."

"எனக்குப் பகலெல்லாம் வேலை. வச்சு வளக்க முடியாது. அதனால இங்கயே விட்டுட்டுப் போறேன். உங்க மருமகதான் என் பிள்ளைக்குப் பால் குடுக்கற தாதி. நீங்க காவல்."

"அவ பால் ஆகாதும்மா."

"பெத்தவ பால்தானே ஆகாதுன்னீங்க? இப்ப அவ பெத்தவ இல்லையே. தாதி பால் ஆகுமா, ஆகாதா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே யோசித்தார். வழக்கத்தை மனதுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். கடைசியில், "ஆகுங்க" என்றார்.

அவர் திட்டி நிறுத்த வந்திருந்தால் எங்கள் வீட்டுக் கதவும் சாத்தப்பட்டிருக்கும். எனக்கு அது அந்த நிமிஷமே புரிந்தது.

பால் உடனே ஊறவில்லை. நர்ஸம்மா தினமும் வந்தார். வாய் வைக்க வைக்கத்தான் ஊறும் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அதுவரை காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பால் பவுடரைத் தானே கரைத்துப் பாலாடையில் புகட்டினார். தராசில் துணித்தொட்டில் கட்டி நிறுத்தபோது அத்தை முணுமுணுத்தார். "என் பிள்ளையை நான் நிறுக்கறேன், உங்களுக்கென்ன?" என்றார் நர்ஸம்மா. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அக்காவுக்கும் பயம் விட்டுப்போயிருந்தது. அடுத்தவர் பிள்ளைதானே, தூக்கலாம், கொஞ்சலாம். ஒருநாள் நான் படித்துக்கொண்டிருந்தபோது அடுப்படியில் குழந்தை வீறிட்டு அழுதது. பசி அழுகை. அத்தை வெளியே வந்து, "கேட்டீங்களா தம்பி, என்ன தொண்டை" என்றார்.

குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நிற்கவும் தொடங்கியது. நாங்கள் தவிட்டோடு விடுதிக்குப் போனபோது நர்ஸம்மா இன்னும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அம்மை குத்திக்கொண்டால்தான் தருவேன் என்றார். அம்மை குத்துகிறவர் வந்தால் பிள்ளைகளைப் பரணில் ஒளித்துவைக்கிற தெரு எங்களுடையது. அடுத்த முறை அவர் வந்தபோது அத்தையே பேத்தியின் கையைப் பிடித்து நீட்டினார். அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அம்மாளும் தன் கடைசிப் பிள்ளையை இழுத்து வந்தார்.

அம்மை குத்திய புண் ஆறிய பிறகு விடுதி வாசலில் நர்ஸம்மா தவிட்டை வாங்கிக்கொண்டு குழந்தையைக் கொடுத்தார். கொடுக்கும் முன் கன்னத்தைக் குழந்தையின் தலையில் ஒருமுறை வைத்து எடுத்தார். பக்கத்து வீட்டு எருமைக்குத் தவிட்டைக் கொடுக்கச் சொல்லி ஆயாவிடம் தந்துவிட்டு, வரிசையில் நின்ற அடுத்த குழந்தையைத் தூக்கினார்.

இன்று நான் சுகாதார வேலையில் இருக்கிறேன். சாத்திய கதவுகளின் முன்னால் நிற்கும்போதெல்லாம் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று திரும்பி வரும் வழியில், நாச்சியார் கோயில் அருகே பூக்காரி குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, யார் பிள்ளை என்று கேட்டாள். அக்கா அத்தையைப் பார்த்தாள். அத்தை பூவை முழம் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எம் பிள்ளைதாங்க" என்றாள் அக்கா.

"சரி சரி, மெதுவாச் சொல்லு" என்றார் அத்தை. "கண்ணு பட்டுடப் போவுது."