நம்ம வண்டி, எங்க வண்டி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போன முதல் ஆள் நான். அதனால் மூன்றாம் வகுப்பிலேயே எனக்குப் பல உத்தியோகங்கள். கரண்ட் பில்லில் என்ன போட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். வருகிற பஸ் எங்கே போகிறது என்று அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் வீடு. நான் படித்தது கன்னடப் பள்ளிக்கூடம். ஆக, வீட்டிலேயே படித்தவன் நான் ஒருவன்தான். வீட்டிலேயே தமிழைத் தப்பாகப் பேசியவனும் நான் ஒருவன்தான்.

தப்பு ஒரே ஒரு சொல்லில்தான். கன்னடத்தில் 'நம்ம' என்று சொல்லிவிட்டால் போதும். கேட்கிறவரைச் சேர்த்துக்கொண்டாலும் அதே சொல், அவரை வெளியே நிறுத்தினாலும் அதே சொல். தமிழில் கேட்கிறவருக்கும் பங்கு இருந்தால்தான் 'நம்ம', இல்லாவிட்டால் 'எங்க'. அந்த 'எங்க' என் வாயில் வரவே வராது. மளிகைக் கடையில் போய் நின்று, "நம்ம அம்மா அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்பேன். கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "நம்ம அம்மா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சே தம்பி. நல்லா இருக்காங்களா? வேற என்ன சொன்னாங்க?" என்பார். கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சிரித்துவிட்டு வருவேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கினார்கள். பெரியப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அவருடைய ஆட்டோவில் வழக்கமாக வரும் ரிட்டயர்டு ஆபீசர் ஒருவர் மகனோடு வெளிநாடு போவதற்காகக் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட நினைத்தார். அப்பா சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன். அப்பாவின் சீட்டுப் பணம் பாதி, பெரியப்பாவின் சேமிப்பு பாதி. ஓட்டத் தெரிந்தவர் பெரியப்பா என்பதால் வண்டிப் பேப்பர் அவர் பேரில். அவர் குடியிருந்த பக்கத்துச் சந்தில் ஆட்டோ நுழைவதே பெரும்பாடு என்பதால் கார் நின்றது எங்கள் வாசலில். சாவி அவர்கள் வீட்டு ஆணியில் தொங்கும். அவர்களிடம் சாவி, எங்களிடம் வண்டி. இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்கவே முடியாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் தங்கச்சியும் காரைக் கழுவுவோம். தங்கச்சி என்றால் பெரியப்பாவின் மகள். இன்னும் பள்ளிக்கூடத்தில் சேராதவள், ஆனால் மேஸ்திரி மாதிரி வேலை வாங்குவாள். சாயங்காலம் ஆறு பேரும் ஏறி அல்சூர் ஏரிக்கரைக்குப் போவோம். மசாலா பூரி தின்போம். பெரியம்மா அம்மாவின் தட்டிலிருந்து எடுப்பாள், அம்மா பெரியம்மாவின் தட்டிலிருந்து எடுப்பாள். திரும்பும்போது காருக்குள் வெங்காய வாசனை நிறைந்திருக்கும். எனக்கு வாரத்தில் மற்ற நாட்கள் எல்லாம் இந்த ஒரு சாயங்காலத்துக்காகக் காத்திருக்கும் நாட்கள்தான்.

சண்டை செல்ஃப் மோட்டாரில் ஆரம்பித்தது. பெரியம்மாவின் தம்பி ஒரு கல்யாணத்துக்குக் காரை எடுத்துப் போய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். மறுநாள் சாவியைத் திருகினால் வண்டி இருமியது, கிளம்பவில்லை. மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டு இரண்டு வீட்டிலும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஓட்டினவர்கள்தான் கட்ட வேண்டும் என்றார் அப்பா. மழையில் நனையவிட்டவர்கள்தான் கட்ட வேண்டும் என்றார் பெரியப்பா. யாரும் கட்டவில்லை. தள்ளினால் கிளம்பும் என்று கண்டுபிடித்து, கொஞ்ச நாள் தள்ளியே ஓட்டினோம்.

அப்படித் தள்ளித் தள்ளித்தான் ஓசூருக்கு அம்மாவின் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனோம். அம்மா அந்தப் பக்கத்துப் பெண். பெரியம்மா பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைப் போலவே எல்லாவற்றுக்கும் 'நம்ம' போடுகிறவள். அன்றைக்கு ஊர்க்காரர்களுக்கு நடுவில் நல்ல தமிழ் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, எதில் வந்தீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, "எங்க கார்லதான் வந்தோம்" என்றாள்.

அம்மாவின் கையில் பாயசத் தம்ளர் இருந்தது. அதை அப்படியே கீழே வைத்தாள்.

"இத்தனை நாள் நம்ம கார். என் சொந்தக்காரங்க எதிர்ல மட்டும் எங்க காரா?"

திரும்பும்போது அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அப்பாவும் பின்னாலேயே வந்து ஏறினார். பஸ்ஸில் அம்மா எனக்கு ஒரு பாடம் நடத்தினாள். எங்க என்பது கெட்ட வார்த்தை, பிரிக்கிறவர்கள் பேசுகிற வார்த்தை, நீ ஒரு நாளும் அதைச் சொல்லாதே என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நான்தான் அதைச் சொல்வதே இல்லையே.

அதற்கப்புறம் அண்ணன் தம்பி பேச்சு நின்றது. தங்கச்சி எங்கள் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை நான் வாளியோடு வெளியே வந்தபோது அம்மா உள்ளிருந்து, "நம்ம பாதியை மட்டும் கழுவு" என்றாள். கோபத்தில் சொன்ன பேச்சு அது. நான் நாணயமான பையன். ஸ்டியரிங் இருக்கிற வலது பக்கம் பெரியப்பாவுடையது, இடது பக்கம் எங்களுடையது என்று தீர்மானித்து, பானெட்டின் நடுவில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு இடது பக்கத்தை மட்டும் கண்ணாடிபோலத் துடைத்தேன். வலது பக்கத்தில் ரயில் பாதையின் கரித்தூசி படிந்துகொண்டே வந்தது.

பேச்சு நின்றாலும் சேதி போகத்தானே வேண்டும். படித்தவன் என்பதால் அந்த உத்தியோகமும் எனக்கே வந்தது. ஒரு நாள் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். "பெரியப்பாகிட்ட போய், 'எங்க பங்கைக் குடுத்துட்டு வண்டியை நீங்களே வெச்சிக்குங்க'ன்னு சொல்லு. ஒரு வார்த்தை மாறக்கூடாது."

ஓடினேன். பெரியப்பா ஆட்டோ சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பெரிப்பா, நம்ம பங்கைக் குடுத்துட்டு வண்டியை நீங்களே வெச்சிக்கணுமாம்."

"நம்ம பங்கா?" துணியை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். "நம்ம பங்குன்னா அதுல நானும்தானே இருக்கேன்? எனக்கு நானே குடுத்துக்கணுமாடா?"

"தெரியாது பெரிப்பா. அப்பா சொன்னாரு."

அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு முதலில் இருந்த முறைப்பு இல்லாமல், "மொத்தமா குடுக்க எங்களால இப்ப ஆவாதுன்னு சொல்லு" என்றார்.

நான் அதே வேகத்தில் திரும்பி வந்து அப்பாவிடம், "நம்மளால இப்ப ஆவாதாம்" என்றேன்.

அப்பா சட்டைப் பொத்தானில் கையை வைத்தபடி நின்றார். "நம்மளாலன்னா சொன்னாரு?"

"ஆமா." நான் பொய் சொல்லவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்பா வாசலுக்கு வந்து, பாதி மினுங்கி பாதி மங்கி நின்ற காரையே பார்த்தார். "நெசந்தான். ரெண்டு பேரும் சேர்ந்தும் நம்மளால ஆவாதுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம், "வித்துடலாமான்னு கேட்டுட்டு வா" என்றார்.

இந்த முறை நான் ஓடவில்லை, நடந்தேன். பெரியப்பா வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அவர், "தம்பி சொன்னா சரி" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்பாவை அவர் தம்பி என்று சொன்னது அன்றைக்குத்தான். ஆனால் என் மண்டையில் ஏறியது ஒன்றே ஒன்று. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தங்கச்சி கிடையாது, ஏரிக்கரை கிடையாது.

வண்டியைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை விவேக் நகரிலிருந்து ஒருவர் வந்தார். தூத்துக்குடிக்காரர். சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்ததால் இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. பெரியப்பா குடும்பத்தோடு வந்திருந்தார். அண்ணனும் தம்பியும் காருக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றார்கள். அம்மாவும் பெரியம்மாவும் வாசற்படியில் நின்றார்கள், நடுவில் ஒரு ஆள் நடந்து போகிற இடைவெளி விட்டு.

வந்தவர் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். "என்னவே இது, ஒரு பக்கம் கல்யாண மாப்பிள்ளை, மறுபக்கம் செங்கல் சூளையா?" என்றவர், வாளியோடு நின்ற என்னைப் பார்த்து, "யார் வண்டி தம்பி இது?" என்று கேட்டார்.

"நம்ம வண்டி சார்."

"நம்ம வண்டியா? அப்ப எனக்கும் பங்கு இருக்கு. எதுக்குத் துட்டு கொடுத்து வாங்கணும்?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். பெரியப்பா சிரித்துவிட்டார். அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், ஆனால் தோள் ஆடியது.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் அவர். செல்ஃப் எடுக்காது, தள்ள வேண்டும் என்று பெரியப்பா தலையைச் சொறிந்தார். வந்தவர் ஸ்டியரிங்கில் உட்கார, அப்பாவும் பெரியப்பாவும் பின்னால் கை வைத்தார்கள். தங்கச்சி நம்பர் பிளேட்டைப் பிடித்துக்கொண்டு, "ஹூம், தள்ளுங்க" என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டாள். ரயில்வே பாலத்துச் சரிவில் வண்டி குலுங்கி, புகை கக்கி, கிளம்பிப் போய்விட்டது. அண்ணனும் தம்பியும் மூச்சு வாங்க நடுத்தெருவில் நின்று பார்த்தார்கள். தாங்கள் தள்ளிவிட்ட வண்டி தங்களை விட்டுவிட்டுப் போவதை அவர்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தவர் எஞ்சினை அணைக்காமல் இறங்கி, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க. இது வண்டி இல்ல, தள்ளுவண்டி. காய்க்காரன்கூட யோசிப்பான்." பிறகு ஒரு விலை சொன்னார். இரும்புக் கடைக்காரன் சொல்கிற விலை.

பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் வந்தார். துணிக்கடையில் வாடிக்கையாளரிடம் குரலே உயர்த்தாத அப்பா. "சார், எங்க வண்டியைப் பத்தி அப்படிப் பேசாதீங்க."

நான் திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தேன். அப்பா அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். அம்மா அசையவில்லை.

"அதானே" என்றார் பெரியப்பா. "எங்க வண்டி ஓசூர் வரைக்கும் போயிட்டு வந்திருக்கு சார். ஆறு பேரை ஏத்திக்கினு. எங்கயும் நிக்கல."

"தள்ளித்தானே?" என்றார் வந்தவர்.

"தள்ளினா என்னா? எங்க வண்டி, நாங்க தள்றோம். உங்களையா கூப்பிட்டோம்?" இது பெரியம்மா, படியிலிருந்து.

இப்போது நிச்சயம் வெடிக்கும் என்று நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். பெரியம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். "சரியா சொன்னீங்கக்கா. எங்க வண்டி எங்களுக்கே இருக்கட்டும். விக்கறதா இல்ல."

வந்தவருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. "விக்கிற ஐடியா இல்லேன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்லா. நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேனே" என்றார். அது அப்பாவுக்குச் சங்கடமாகிவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தால் மறுபடியும் தள்ள வேண்டும். "ஏறுங்க சார், சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல விட்டுடறோம்" என்றார் அப்பா. "எல்லாரும் ஏறுங்க, ஆஃப் ஆயிடும்" என்று கத்தினார் பெரியப்பா. அம்மா கதவைப் பூட்டினாளா என்பதே சந்தேகம். பெரியம்மா செருப்பில்லாமல் ஏறினாள். முன்சீட்டில் வந்தவர், அவர் மடியில் தங்கச்சி, பின்னால் மற்ற எல்லோரும். தங்கச்சி அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, எழுதத் தெரியாமலே அவர் கையில் ஏதோ எழுதிக்கொண்டு வந்தாள்.

சிவாஜிநகர் சிக்னலில் வண்டி அணைந்துவிட்டது. வெள்ளைச் சட்டைக்காரர்தான் முதலில் இறங்கினார். அவரும் தள்ளினார். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்ட பிறகு அவர் கைகாட்டிக்கொண்டே நின்றார். நாங்கள் யாரும் வீட்டுக்குத் திரும்பு என்று பெரியப்பாவிடம் சொல்லவில்லை. அவர் ஏரிக்கரைப் பக்கம் திருப்பினார்.

நான் அம்மாவின் காதோரம் போய், "எங்கன்னா கெட்ட வார்த்தைன்னு சொன்னியே. எல்லாரும் சொன்னாங்க. நீகூட சொன்னே" என்றேன்.

"அது வேற எங்க, இது வேற எங்க" என்றாள் அம்மா. பெரியம்மா சிரித்த சிரிப்பில் எனக்கு மேலே எதுவும் கேட்க முடியவில்லை.

அன்றைய மசாலா பூரி தீர்வதற்குள் நான் எனக்கே ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிட்டேன். அந்த வார்த்தையை மற்ற நாட்களில் சொல்லக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொல்லலாம். அதற்கப்புறம் ரொம்ப நாள் கிழமை பார்த்துத்தான் பேசினேன்.