தோய்க்காத சட்டை

பரமேஸ்வரி அக்கா காலமான செய்தி, நான் நீதிமன்ற வாசலில் நிற்கும்போது வந்தது. "அங்கிள், அம்மா போயிட்டா" என்றாள் தொலைபேசியில் அவருடைய மகள் மதுரா. நான் உள்ளே போய் யாரோ ஒருவருக்கு மொழிபெயர்த்தேன். அதுதான் என் தொழில்.

அக்காவை அறிந்த உங்களுக்கு, கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் இருந்த அவர்களுடைய மூலைக்கடையும் தெரியும். முகத்தை மூடிய ஒருவன் காசு லாச்சியைத் திறக்கச் சொன்னான். அவருடைய கணவர் நடேசன் அண்ணை திறந்தார். திறந்த பிறகும் சுட்டான். முதல் குண்டு அண்ணையின் கழுத்தில், அடுத்தது அவரைப் பிடிக்கக் குனிந்த அக்காவின் தோளில். ஒரு கை செயலற்றுத் தொங்க, மறுகையால் அண்ணையின் கழுத்துத் துளையைப் பொத்தினார். விரல்களுக்கிடையால் இரத்தம் சுடச்சுட அடித்ததாம். "ரெண்டு கையும் இருந்திருந்தா அடைச்சிருப்பன் தம்பி" என்று அண்ணையின் செத்தவீடு முடிந்து சில நாளில் சொல்லிவிட்டு எனக்குத் தேநீர் ஊற்றினார்.

சுட்டவன் பிடிபட்டான். அக்காவுக்கு அது போதவில்லை. துப்பாக்கி அமெரிக்கக் கடையொன்றில் விலைப்பட்டு எல்லை கடந்து வந்தது என்று பொலிஸ் சொல்லியிருந்தது. மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு டவுன்டவுனில் ஒரு வழக்கறிஞரிடம் போனார். "நான் பழுதான பால் வித்தா என்னில வழக்குப் போடுவினம். இந்தத் துவக்கைச் செய்தவனிலயும் வித்தவனிலயும் போடேலாதோ எண்டு கேளும்" என்றார்.

கேட்டேன். வேறொருவன் செய்யும் குற்றத்துக்காகத் துப்பாக்கி செய்தவர்மீதும் விற்றவர்மீதும் வழக்குப் போடுவதை அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது, விலக்குகள் சில இருந்தாலும் இது அவற்றில் அடங்காது என்றார் வழக்கறிஞர். நான் அக்காவின் தோள்கட்டைப் பார்த்தேன். முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. "கொஞ்சக் காலம் எடுக்குமாம் அக்கா" என்றேன். அந்த ஒரு வசனத்துக்காக இன்றைக்கும் என்மீது எனக்கு ஆத்திரம் வருகிறது.

இரண்டு வருடம் காத்திருந்தார். வழக்குக்குச் சாட்சி என்று, அண்ணையின் சட்டையைத் தோய்க்காமல் பையில் வைத்திருந்தார். இரத்தம் காய்ந்து துணி மட்டைபோல விறைத்திருந்தது. அதை எறியச் சொல்லி மதுரா பிரெஞ்சில் கத்துவாள். "வழக்கு வரேக்க வேணும் பிள்ளை" என்பார் அக்கா. ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் உண்மையைச் சொன்னேன்.

நல்ல கையால் ஓங்கி அறைந்தார். என் உதடு பல்லில் பட்டு வெடித்தது. "உம்மைக் கூட்டிக்கொண்டு போனது என்னைத் தேத்த இல்லை. அந்தாள் சொன்னதைச் சொல்ல" என்றார். பிறகு ஒரு துணியை நனைத்துத் தந்து, "அந்தச் சட்டத்தை இப்ப முழுக்க வாசியும்" என்றார். இரத்தத்தை விழுங்கிக்கொண்டு, அதைப் போனில் எடுத்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். முடிந்ததும், "இதையும் ஆக்கள்தானே எழுதினவை" என்றார்.

அக்காவின் செத்தவீட்டில் மதுரா அந்தப் பையை என்னிடம் தந்தாள். "சட்டம் மாறினா தேவைப்படுமாம். உங்களிட்டைத்தான் குடுக்கச் சொன்னவா. மாறுமோ அங்கிள்?"

காலம் எடுக்கும் என்ற பழைய சொல் நாக்கு நுனிவரை வந்தது. "எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன்.

பை என் அலுமாரியில் இருக்கிறது. நானும் தோய்க்கவில்லை.