அண்ணன் வீட்டு வாசற்படியில் அடித்த ஆணி

கடற்கரையை அளக்கப் போகிறவளுக்கு முதலில் அசையாத ஓர் இடம் வேண்டும். மணல் இன்று ஏறும், நாளை இறங்கும். எதை வைத்து ஏறியது, இறங்கியது என்று சொல்வது? அதற்காக உறுதியான ஒரு கட்டடத்தில் ஆணி அடித்து, அதன் உயரத்தை ஒரு முறை சரியாகக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்வோம். எங்கள் தொழிலில் அதற்கு மட்டக்குறி என்று பெயர். பிறகு மாதாமாதம் அந்த ஆணியிலிருந்து தொடங்கித்தான் மணலை அளப்போம். என் ஆராய்ச்சிக்கான மட்டக்குறியை நான் என் அண்ணன் வீட்டு வாசற்படியில் அடித்தேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் இதுவரை செய்ததில்லை.

அப்போது எனக்குக் காரணம் இருந்தது. முதல் ஆணியை ஒரு மின்கம்பத்தின் அடிமேடையில் அடித்தேன். சாலை போட்டார்கள், ஆணி தாருக்குள் போய்விட்டது. இரண்டாவதை ஒரு டீக்கடைச் சுவரில் அடித்தேன். கடைக்காரர் அதில் வாளியை மாட்டி, ஆணியை வளைத்துவிட்டு, "உன் ஆணி ஸ்ட்ராங்கா இல்லம்மா" என்று என்னையே குறை சொன்னார். மூன்றாவதற்கு எனக்குப் பொறுமை இல்லை. அண்ணன் வீடு திருவொற்றியூர்க் கடலோரத்தில் கடைசி வரிசை. வாசலில் நின்றால் முதலில் ஒரு மண் சந்து, அடுத்து அலையைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்கள், அதற்கப்பால் துண்டு துண்டாகக் கொஞ்சம் மணல், கடல். நான் பிறந்து வளர்ந்த வீடு அது. இந்த வீடு எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை இந்தக் கரையின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் குறுக்கே நீண்டதும், தெற்கே மணல் குவிந்தது, வடக்கே எங்கள் பக்கம் கடல் தின்ன ஆரம்பித்தது. பிறகு கல் கொட்டினார்கள். கடலுக்குள் தூண்டில் வளைவுகள் என்று கொக்கி மாதிரி வளைந்த கல் சுவர்கள் கட்டினார்கள். அவற்றுக்கு இடையில் மணல் திரும்பச் சேர்கிறதா என்று பார்ப்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. தெருவில் என்னை 'மண்ணு டாக்டரு' என்று கூப்பிட்டார்கள். பட்டம் வாங்குவதற்கு முன்பே டாக்டர் ஆக்கிவிட்டார்கள் என்று எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அளப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி மூன்று காலில் நிற்கும் மட்டக்கருவியில் கண் வைத்துப் பார்க்க, இன்னொருத்தி அளவு குறித்த இரண்டாள் உயர மட்டக்கோலைத் தூக்கிக்கொண்டு போய், சொன்ன இடத்தில் செங்குத்தாக நிறுத்த. என்னோடு வரவேண்டிய சக மாணவி எண்ணூர்க் கழிமுகத்து வேலைக்குப் போய்விட்டதால் அண்ணிதான் கோல் பிடித்தாள். என் ஆராய்ச்சிக் கூட்டாளிகள் யாரும் அவளைப் போல் பிடித்ததில்லை. காற்று எப்படி அடித்தாலும் கோல் ஆடாது. நான் "போதும்" என்று சொல்லும்வரை இடத்தை விட்டு நகரமாட்டாள். முதலில் வாசற்படி ஆணி, பிறகு பாறாங்கற்களில் நான் சிவப்புப் பெயின்ட் வைத்த ஒரு கல், பிறகு மணலில் பத்தடிக்கு ஒரு தடவை, கடைசியில் அலை காலை நனைக்கும் இடம். அண்ணன் மகள் ஒன்பது வயதுக்காரி. கருவியின் மூன்று கால்களுக்கு நடுவே புகுந்து வந்து என்னிடம் திட்டு வாங்குவாள்.

ஒன்றரை வருடம் அளந்தேன். மாதாமாதம் மணல் ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான், ஆனால் ஏறிக்கொண்டே வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரத்தில்தான் அரசாங்கத்திலிருந்து பட்டியலோடு இரண்டு பேர் வந்தார்கள். கடைசி வரிசைக்காரர்கள் விருப்பப்பட்டால் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு, பெயர் கொடுப்பவர்கள் கொடுக்கலாம் என்றார்கள்.

அண்ணி என்னிடம் வந்தாள். "இன்னாமே, பேர் குடுக்கறதா வேணாவா? உங்க அண்ணன் உன்னியக் கேட்டுக்கினு சொல்லச் சொல்லிட்டு டிரெய்லர் லாரி எடுத்துக்கினு லோடுக்குப் பூட்டாரு."

"வேணாம் அண்ணி. மண்ணு ஏறிகினே வருது. நம்ம வூட்டுக்கு ஒண்ணும் ஆவாது" என்றேன்.

பக்கத்து வீட்டு அக்கா கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டே இதைக் கேட்டாள். சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. மண்ணு டாக்டரே சொல்லிவிட்டாள் என்று ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. பட்டியல்காரர்கள் வெறும் தாளோடு திரும்பிப் போனார்கள். எனக்கு அன்று ஏற்பட்ட திருப்தியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பிறகு ஒருநாள் மதியம், மாத்தூரில் நானும் கணவரும் குடியிருக்கும் வாடகை வீட்டில் வரைபடங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏற்கெனவே ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. கரையிலிருந்து அள்ளிவந்து ஆய்வகத்தில் சல்லடையில் போட்டுச் சலித்த மணல் மாதத்துக்கு மாதம் கறுத்துக்கொண்டே வந்தது. கடல் லேசான வெள்ளை மணலை அள்ளிக்கொண்டு போனால்தான் கனமான கருமணல் மிஞ்சும். மணல் சேருகிற கரையில் அது இவ்வளவு கறுக்கக் கூடாது. புயல் அடித்ததால் இருக்கும் என்று ஏதோ ஒரு சமாதானம் சொல்லி அதை ஓரம் கட்டியிருந்தேன். அன்று வரைபடத்தைப் பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. மணல் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறியிருந்தது. மணல் அப்படி ஏறாது. ஓரிடத்தில் குவியும், பக்கத்தில் குழியும். விரலை வைத்துக்கொண்டே போனேன். சிவப்புப் பெயின்ட் வைத்த பாறாங்கல்லும் அதே நாலு விரல் அகலம் ஏறியிருந்தது.

கல் வளருமா?

கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தேன். கல்லும் ஏறவில்லை, மணலும் ஏறவில்லை என்றால், எல்லாவற்றையும் எதிலிருந்து அளந்தேனோ அந்த ஆணிதான் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆணி தனியாக இறங்காது. அது படியில் இருக்கிறது. படி வீட்டோடு இருக்கிறது. வீட்டின் முன்னறையில், கடலுக்கு நேராக ஒரு கட்டிலில், அண்ணன் மகள் படுக்கிறாள்.

மறுநாளே நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உறுதி செய்யாமல் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு ஞாயம் கண்டுபிடித்துக்கொண்டேன். உறுதி செய்ய ஒரே வழிதான் இருந்தது. ரயில் பாதைக்குப் பக்கத்தில், கடலிலிருந்து தொலைவில், பழைய கல் கட்டடம் ஒன்றின் சுவரில் வெட்டிய மட்டக்குறி உண்டு. முதலில் ஆணியின் உயரத்தை அங்கிருந்துதான் கொண்டுவந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் அங்கிருந்து அளந்து சரிபார்ப்பது விதி. நான் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. கடலோரச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் மூக்கும் வாலும் ஒட்ட நிற்கும்; கருவிக்கும் கோலுக்கும் நடுவில் எப்போதும் ஒரு லாரி இருக்கும். அதைச் சொல்லித்தான் ஒன்றரை வருடம் தட்டிக் கழித்தேன். இப்போதும் அதையே சொன்னேன். உண்மையில் அந்த லாரிகள் நிற்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நாட்களில் எதைப் பார்த்தாலும் பயந்தேன். மாத்தூரில் எங்கள் வீட்டுக் கதவு சாத்தும்போது கொஞ்சம் இறுகினாலே திடுக்கிட்டேன். தினமும் காலையில் அண்ணிக்கு ஏதாவது சாக்குச் சொல்லி போன் செய்வேன். அவள் குரல் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வரும். ஒருநாள் அவளே சொன்னாள்: "மாப் போட்டா தண்ணி பின்னாடி குழிக்குப் போவ மாட்டங்குதுமே. முன்னாடி ரூம்லயே நின்னுகினு கீது, பாப்பா கட்டில் கீழ. கொத்தனாரு சரியான கலீஜ் வேல பண்ணிக்கிறான். கதவ வேற சாத்த முடியாம ரெண்டு தபா எழச்சாச்சு."

தரை கடல் பக்கம் சாய்ந்திருக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், "மழக்காலமாச்சே அண்ணி, கதவு ஊறியிருக்கும்" என்றேன். அந்தப் பொய்யைச் சொன்ன வாயை என்ன செய்தாலும் தகும்.

அன்று பிற்பகல் யாரிடமும் சொல்லாமல் போய்ப் பாறாங்கற்களின் மேல் நின்று பார்த்தேன். அலை வந்து கற்களுக்கு இடையில் புகுந்தது. திரும்பிப் போகும்போது, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கிப் போனது. கற்களுக்குப் பின்னால், வீடுகளுக்குக் கீழே இருக்கும் மணல்தான் அது. ஒவ்வொரு அலைக்கும் ஒரு கை மணல். எத்தனை அலை என்று எண்ணத் தொடங்கி, தாங்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் லாரி ஸ்டிரைக் வந்தது. அண்ணன் டிரைவர் சங்கக் கூட்டத்துக்குத் தண்டையார்பேட்டை போயிருந்தார். சாலை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. இனிச் சொல்ல எனக்குச் சாக்கு இல்லை. அண்ணியைக் கூப்பிட்டு, "ரயில்வே பக்கத்துலேர்ந்து வூடு வரைக்கும் ஒரு தபா அளக்கணும்" என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மகளை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடச் சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

கல் கட்டடத்துக் குறியில் தொடங்கினோம். கோலை நிறுத்திப் பார்த்து, கருவியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய், மறுபடி நிறுத்திப் பார்த்து, இப்படியே தெருத் தெருவாகக் கடலைப் பார்த்து நகர்ந்தோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் தப்புச் செய்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கருவி பழசு, என் கண் சரியில்லை, கூட்டல் தப்பு, எதுவாக இருந்தாலும் சரி. வேலை செய்கிறவள் தன் வேலை தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே அதைச் சரியாகச் செய்வது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கருவியின் குமிழியை மட்டத்துக்குக் கொண்டுவர ஒவ்வொரு தடவையும் நேரமானது. அண்ணி வெயிலில் காத்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் வாசற்படி. அண்ணி ஆணியின் மேல் கோலை நிறுத்தினாள். சந்தின் ஓரத்திலிருந்து நான் கண்ணை வைத்தேன். எண்ணை எழுதி, கழித்துப் பார்த்தேன். போன மாதம் நாலு விரல் என்று நினைத்திருந்தது இப்போது ஐந்தைத் தாண்டியிருந்தது.

"இன்னாமே காட்டுது?" என்றாள் அண்ணி.

"இன்னொரு தபா புடி அண்ணி."

பிடித்தாள். அதே எண்.

"மண்ணு ஏறல அண்ணி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னேன். "மண்ணு ஏறல. வூடுதான் எறங்கிகினு கீது."

"எவ்ளோ?"

விரல்களைப் படுக்கையாகச் சேர்த்துக் காட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் காலடியில் இருந்த படியைப் பார்த்தாள். நான் போதும் என்று சொல்லாததால் கோல் இன்னும் நேராகவே நின்றது. திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அழுதிருப்பேன், கொஞ்சம் லேசாகியிருக்கும். அவள் கழுத்தை மட்டும் திருப்பி, சத்தம் போடாமல், உள்ளே பார்த்துச் சொன்னாள்:

"பாப்பா, வெளிய வா."

"இரும்மா, ஒரே ஒரு கணக்கு கீது."

"நோட்டு வேணாம். செருப்பும் வேணாம். அப்டியே வா."

வெறுங்காலோடு வந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணி படியிலிருந்து இறங்கினாள். பக்கத்து வாசலில் அக்கா கருவாட்டுப் பாயை விரித்துக்கொண்டே சிரித்தாள். "இன்னா மண்ணு டாக்டரு, இந்த மாசம் எவ்ளோ ஏறிச்சு?"

அண்ணி ஒரு கையில் மகள், ஒரு கையில் கோலோடு நேரே அக்கா வீட்டுக்குப் போய், அவர்கள் படியின் மேல் கோலை நிறுத்தினாள். "இதையும் பார்த்துச் சொல்லு" என்றாள்.

பழக்கத்தில் கருவியைத் திருப்பிக் கண்ணை வைத்துவிட்டேன். எண்ணும் தெரிந்தது. ஆனால் எதிலிருந்து கழிப்பது? அக்கா வீட்டுப் படிக்கு என்னிடம் பழைய எண் கிடையாது. அதற்கடுத்த வீட்டுக்கும் கிடையாது. என்னை நம்பிப் பெயர் கொடுக்காமல் இருந்த அந்த வரிசை முழுவதிலும் நான் அளந்தது எங்கள் வீடு ஒன்றைத்தான். மற்ற வீடுகள் எவ்வளவு இறங்கியிருக்கின்றன, எது முதலில் போகும் என்று எனக்கு மட்டுமல்ல, யாருக்குமே தெரியாது.

"அக்கா" என்றேன். "உள்ள யாரு கீறாங்க? எல்லாரையும் வெளிய கூப்புடு."